கூடவா, கொறச்சலா?

இருபது சொட்டு ஒரு மில்லி. ஐந்நூறு மில்லி பாட்டிலில் பத்தாயிரம் சொட்டு. பத்தாயிரமும் இறங்கி முடியும்போது மணி நாலு ஆகியிருக்கும், நாலு மணிக்கு டாக்டரம்மா வருவார், காலையில் எடுத்த ரத்தத்தின் முடிவைச் சொல்வார். குறைந்திருக்கும். செண்பகவல்லிக்கு அதில் சந்தேகமே இல்லை. நேற்று ரத்தத்தில் கால்சியம் பதினாலு புள்ளி இரண்டு, அதற்குப் பிறகு ஏழு பாட்டில் உள்ளே போயிருக்கிறது, உப்புத் தண்ணீர் போய்ச் சிறுநீரகத்தைத் தட்டி எழுப்ப, சிறுநீரகம் கால்சியத்தை அள்ளி வெளியே கொட்டும், இதில் மந்திரம் ஒன்றுமில்லை, கரைசலில் இருப்பது கரைசலோடு போகும். அம்மா என்னவோ இந்தக் கணக்குக்கெல்லாம் வெளியே படுத்திருந்தாள். குருவம்மாளின் வலது கை போர்வைமேல் வேலையில் இருந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து இல்லாத குச்சி ஒன்றை எடுத்தன, இல்லாத சட்டத்தின் பள்ளத்தில் வைத்தன, அடுத்த குச்சிக்குப் போயின. இருபத்திரண்டு வருஷம் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிய கை. கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்றுதான் பேர். ஒன்றாம் வகுப்பில் அம்மா என்ன செய்கிறார் என்று டீச்சர் கேட்டபோது இவள் நெஞ்சை நிமிர்த்தி, "ஆபீஸ் போறாக" என்றாள். டீச்சர் பதிவேட்டில் என்ன எழுதினாரோ. டீச்சர். அந்தச் சொல்லை இப்போது நினைக்கக் கூடாது. சொட்டைப் பார். ஒன்று, இரண்டு, மூன்று.

நினைக்கக் கூடாது என்றால் நினைப்பு அங்கேதான் போய் உட்கார்ந்துகொள்ளும். திங்கட்கிழமை காலை அம்மா தேநீரில் உப்பைப் போட்டாள். செவ்வாய்க்கிழமை சேலையை உடுத்தத் தெரியாமல் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். புதன்கிழமை, இவள் தலை வாரிவிடப் போனபோது, சட்டென்று எழுந்து இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, "டீச்சர், எம் மக எப்படிப் படிக்கா டீச்சர்?" என்றாள். அந்தக் குரல்! அப்படி ஒரு மரியாதைக் குரல் அம்மாவுக்கு உண்டு என்பதே பள்ளிக்கூட வாசலில் நின்று கேட்டவர்களுக்குத்தான் தெரியும். வீட்டில் எல்லாம் ஏட்டிதான். ஏட்டி எந்திரி, ஏட்டி தின்னுட்டுப் போ, ஏட்டி ஒனக்குக் காது என்ன அடைச்சா கெடக்கு. இருபத்துமூன்று வருஷமாகக் காதில் விழுந்து விழுந்து, கல்லூரி விடுதியில் எவளாவது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுவதுபோல் இருக்கும். இப்போது நாலு நாளாக நீங்க, வாங்க, உக்காருங்க டீச்சர். நேற்று படுக்கைக்குக் கொண்டுவந்து போட்ட பிறகும் அதேதான். பக்கத்துப் படுக்கையில் தன் நாத்தனாருக்குத் துணையிருக்கும் சாத்தூர்க்கார அக்கா ஒரு பொட்டலம் காரச்சேவைக் கொறித்துக்கொண்டே அதைக் கேட்டுவிட்டு, "ஏம்மா, நீ நெசமாவே டீச்சரா?" என்றாள். "இல்லக்கா, மகதான்." "அப்ப உங்கம்மா உனக்குப் பதவி உயர்வு குடுத்திருக்கா. வாங்கிக்க தாயி, எங்க நாத்தனா இருக்கா பாரு, நெனவு தப்பினாலும் என்னை வேலைக்காரியாத்தான் நெனைப்பா." நாத்தனார் கண்ணைத் திறக்காமலே, "கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள். செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்தது. எண் இறங்கினால் மூளைத் தெளிவும் திரும்பும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். டாக்டர் நஸீமா, இவளைவிட நாலைந்து வயதுதான் மூத்தவராக இருப்பார், அவசரப்படாமல் சொன்னார்: இரண்டு வருஷத்துக்கு முன்னால் மார்பில் எடுத்த கட்டி எலும்புக்குப் போயிருக்கிறது, அது எலும்பைக் கரைக்கிறது, கரைந்த கால்சியம் ரத்தத்தில் சேருகிறது, அதனால்தான் தீராத தாகம், வாந்தி, மலச்சிக்கல், இந்தக் குழப்பம். நோய் பெரியது, அதைப் பிறகு பேசுவோம், இந்தக் கால்சியத்தை இறக்கிவிடலாம். விடலாம் என்றார். பார்ப்போம் என்று சொல்லவில்லை. செண்பகவல்லி அந்த ஒரு சொல்லை நேற்றிலிருந்து கையில் பிடித்துக்கொண்டிருக்கிறாள். நோய் முழுவதையும் அவள் இன்று கேட்கவில்லை. எண் இறங்க வேண்டும், அம்மா ஏட்டி என்று கூப்பிட வேண்டும். இரண்டும் நடக்கும்.

நடக்கும், ஆனால் பை. கட்டிலுக்கு அடியில், பிளாஸ்க்குக்கும் பேசினுக்கும் நடுவே, ஜிப் மூடிய கறுப்புப் பை. உள்ளே அம்மாவின் மாற்றுச்சேலைக்கு அடியில் ஒரு மடித்த காகிதம், பாதி தீர்ந்த ஒரு மாத்திரை அட்டை, பிரிக்காத பவுடர் பாக்கெட் இரண்டு. நேற்றுச் சேர்க்கும்போது டாக்டரம்மா கேட்டார், "வேற ஏதாவது மாத்திரை, மருந்து வீட்ல குடுக்கறீங்களா?" செண்பகவல்லி சொன்னாள், "இல்ல டாக்டர்." யோசித்துச் சொன்ன பொய் அல்ல. வாய் தானாகச் சொல்லிவிட்டது. பதினாலு புள்ளி இரண்டு என்ற எண்ணையும் கால்சியம் என்ற சொல்லையும் அவர் சொல்லி அரை நிமிஷம்கூட ஆகியிருக்கவில்லை, அந்த அரை நிமிஷத்துக்குள் நாற்பத்தொரு நாள் ராகிக் கஞ்சியும் முருங்கைக்கீரையும் பாலும் மாத்திரையும் மனசில் வரிசையாக வந்து நின்றுவிட்டன. முதுகு வலிக்கிறது என்று அம்மா சொன்னபோது செண்பகவல்லிக்குத் தெரிந்த ஒரே பதில் கால்சியம். யாரிடமும் கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும், பி.எஸ்சி. வேதியியல், தெருவிலேயே முதல் பட்டம், மருந்துக்கடையில் போய் நிமிர்ந்து நின்று பெயரைச் சொல்லி வாங்கினாள். காலையில் ஒன்று, இரவு ஒன்று, எலும்பில் பிடிக்க வேண்டுமே என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் பாலில் கலந்து ஒரு பாக்கெட் வைட்டமின் டி. "சுண்ணாம்புச் சத்தா? வெத்தலைக்குத் தடவுவாகளே அதையா ஏட்டி பால்ல போடுத?" என்று கேட்டாள் அம்மா. கேட்டுவிட்டுக் குடித்தாள். இவள் எதைக் கொடுத்தாலும் குடிப்பாள். அதுதான். எதைக் கொடுத்தாலும்.

சொட்டு மெதுவாகிவிட்டதோ என்று எழுந்து பார்த்தாள், இல்லை, அதே வேகம்தான், இவளுடைய எண்ணிக்கைதான் தவறிவிட்டது. மணி இரண்டே முக்கால். சரி, பையை விட்டுவிடு. விட்டால் காகிதம். மடித்த காகிதத்தில் இருப்பது மூன்று வாரத்துக்கு முன்னால் ஊரில் எடுத்த ரத்தப் பரிசோதனை. அம்மா சோர்ந்து சோர்ந்து படுக்கிறாளே என்று இவளாகக் கூட்டிப்போய் எடுத்தது. இரண்டு பக்கம். ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண், எண்ணுக்குப் பக்கத்தில் எல்லை, எல்லைக்குக் கீழே போனால் எல் என்று ஓர் எழுத்து, மேலே போனால் ஹெச். பேருந்து நிறுத்தத்தில் நின்றே படித்தாள். அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாள்: "கூடவா, கொறச்சலா?" எழுத்துத் தெரியாத அம்மா மதிப்பெண் பட்டியலைப் பற்றிக் கேட்கத் தெரிந்துவைத்திருந்த ஒரே கேள்வி அது. எந்தப் பாடம், எத்தனைக்கு எத்தனை, எதுவும் வேண்டாம், போன தடவையைவிடக் கூடவா, கொறச்சலா. கூட என்றால் ஆபீஸிலிருந்து வரும்போது ஒரு பொட்டலம் கருப்பட்டி மிட்டாய். கொறச்சல் என்றால் திட்டமாட்டாள், முகத்தைப் பார்க்காமல், "போயி மூஞ்சியக் கழுவு" என்பாள், அத்தோடு முடிந்தது. இப்படியே பன்னிரண்டு வருஷம், அப்புறம் கல்லூரி மூன்று வருஷம். இரண்டே பேர் இருந்த வீட்டில், அப்பா போன பிறகு, எண் என்றால் இதுதான் அர்த்தம்: ஏறினால் நல்லது, இறங்கினால் மூஞ்சி கழுவ வேண்டியது. அந்தக் கண்ணோடு செண்பகவல்லி காகிதத்தைப் படித்தாள். ஹீமோகுளோபின், எல். பயந்துபோனாள், அன்றே பேரீச்சம்பழம் வாங்கினாள். கால்சியம் பதினொன்று புள்ளி நாலு, ஹெச். "கால்சியம் கூடத்தான் இருக்கும்மா, நல்லா ஏறியிருக்கு." அம்மா தெருவில் கால் வைத்ததும் முதல் வேலையாகத் தெய்வானைச் சித்தியிடம் சொன்னாள்: "எம் மக குடுத்த மாத்திரைல எலும்புல சத்து ஏறிருச்சாம். அவளே பேப்பரப் பாத்துச் சொல்லிட்டா."

அவளே பேப்பரைப் பார்த்தாள். எல்லையையும் பார்த்தாள். அதுதான் முள். எட்டரை முதல் பத்தரை வரை என்று அச்சில் இருந்தது, கண் அதன்மேல் ஊர்ந்துதான் போனது, தெரியவில்லை என்று சொல்ல முடியாது. கண்ணுக்குத் தெரிந்ததை மனசு மதிப்பெண்ணாக மாற்றிப் போட்டுக்கொண்டது. தெரியாமல் செய்வதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறதா? இருக்கிறது, கொஞ்சம். அந்தக் கொஞ்சம் எவ்வளவு? இதை அளக்க ஒரு கருவி இருந்தால் அளந்துவிடுவாள், அளப்பதில் அவள் கெட்டிக்காரி. இரண்டாம் ஆண்டுச் செய்முறைத் தேர்வில் கிணற்றுத் தண்ணீர் கொடுத்தார்கள், அதில் உள்ள கடினத்தன்மையைக் கண்டுபிடிக்க வேண்டும். கடினத்தன்மை என்றால் என்ன, இதே கால்சியம்தான், கூட மெக்னீசியம். தண்ணீரில் கறுப்புச் சாயம் ஒரு சிட்டிகை போட்டால் திராட்சைச் சிவப்பாகும், மேலே பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருந்தால் சிவப்பு தயங்கித் தயங்கி ஊதாவாகும், பிறகு ஒரே ஒரு சொட்டில் நீலம். அந்தச் சொட்டைப் பிடிக்க வேண்டும். மூன்று முறை செய்தாள். பதினெட்டு புள்ளி இரண்டு மில்லி, பதினெட்டு ஆறு, பதினெட்டு நாலு. குறைந்தது இரண்டு அளவாவது ஒன்றுபோல் வர வேண்டும், நேரம் முடிந்துவிட்டது. பக்கத்து மேஜை அனிட்டா கிசுகிசுத்தாள், "மூணுலயும் பதினெட்டு நாலுன்னு போடுடி, எல்லாரும் அதான் போட்டிருக்கோம்." செண்பகவல்லி வந்ததை வந்தபடியே எழுதினாள். "அரிச்சந்திரனுக்கு வாரிசு கெடச்சாச்சு" என்று விடுதி முழுவதும் ஒரு வாரம் ஓட்டினாள் அனிட்டா. மதிப்பெண் போனது. வீட்டில் கொறச்சல் என்றாள், மூஞ்சியைக் கழுவினாள். கழுவும்போது உள்ளுக்குள் சிரித்தாள். கிணற்றுத் தண்ணீருக்காகப் பொய் எழுத மாட்டேன் என்றவள், அம்மாவின் ரத்தத்துக்காக நேற்று எழுதிவிட்டாள். இல்ல டாக்டர். மூன்றிலும் பதினெட்டு நாலு.

"டீச்சர், தண்ணி." செண்பகவல்லி குனிந்து தலைக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கினாள். தலை சூடாக, எடையில்லாமல் இருந்தது, முடியில் இன்னும் சீயக்காய் வாசனை. டம்ளர் முழுவதும் குடித்துவிட்டு அம்மா மரியாதையாக, "உங்களுக்கு எதுக்கு டீச்சர் செரமம்" என்றாள். குடிப்பதையும் சிறுநீர் போவதையும் குறிக்கச் சொன்ன நோட்டை எடுத்துச் செண்பகவல்லி எழுதினாள்: தண்ணீர், இருநூறு. அரை மணி கழித்துப் படுக்கைத் தட்டை வைத்துச் சிறுநீரை எடுத்து, அளவு ஜாடியில் ஊற்றி, ஜன்னல் விளிம்பில் வைத்து, மண்டியிட்டுக் கண்ணை நீர்மட்டத்துக்கு நேராகக் கொண்டுவந்தாள். நீரின் மேல்பரப்பு கண்ணாடி ஓரத்தில் ஏறி நடுவில் குழியும், குழியின் அடியைத்தான் படிக்க வேண்டும். முந்நூற்று எழுபது. சாத்தூர் அக்கா மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு, "மூத்திரத்தைப் போயி இம்புட்டு மொறையாப் பாக்குதியே, இதுக்கும் பட்டம் குடுத்தாகளா?" என்றாள். "ஆமாக்கா, இதுக்குத்தான் குடுத்தாக." சொன்னபோது குரல் தெளிவாக இருந்தது, அவளுக்கே ஆச்சரியம். முந்நூற்று எழுபது என்று எழுதினாள். முந்நூற்று ஐம்பதுமல்ல, நானூறுமல்ல. இதை ஒழுங்காக எழுத முடிகிறவளால் அதையும் ஒழுங்காகச் சொல்ல முடியும். சொன்னால் என்ன ஆகும்? திட்டுவார். படிச்ச பொண்ணா நீ என்பார். சாத்தூர் அக்கா கேட்பாள், நாத்தனார் கண்ணை மூடியபடி கேட்பாள். ஊருக்குப் போகும், மக குடுத்த மாத்திரைலதான் என்று தெய்வானைச் சித்தி வாய் திறக்கும். இவ்வளவுதானே. சொல்லாவிட்டால்? மாத்திரையைத்தான் நேற்றே நிறுத்தியாயிற்றே, எண் இறங்கத்தான் போகிறதே, யாருக்கு என்ன நஷ்டம்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரிந்தவர் நாலு மணிக்கு வருவார். கேள்வியே கையில் இல்லாமல் அவர் எப்படிப் பதில் சொல்வார்? கீழே குனிந்தாள். பையின் ஜிப்பைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்து, திறந்தபடியே விட்டாள்.

பாட்டிலின் கழுத்தில் தண்ணீர் நிற்கும்போது டாக்டர் நஸீமா வந்தார். கேஸ் தாளைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். "பன்னெண்டு பாயின்ட் ஒம்போது. நல்லா எறங்குது. நாளைக்கு எலும்புக்கு ஒரு ஊசி ஏத்திருவோம், ரெண்டு மூணு நாள்ல இன்னும் எறங்கும். நோட்டும் ஒழுங்கா எழுதியிருக்கீங்க." அடுத்த படுக்கைக்கு உடம்பு திரும்பிவிட்டது. எண் இறங்கிவிட்டது, அவள் நினைத்தபடியே இறங்கிவிட்டது, அவர் பாராட்டியும்விட்டார், இதோ இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் மூன்றிலும் ஒன்றுபோல் அழகாகப் பொருந்திவிடும். "டாக்டர்" என்றாள் செண்பகவல்லி. "நேத்து வேற மாத்திரை குடுக்கறீங்களான்னு கேட்டீங்க. இல்லன்னு சொன்னேன். குடுத்தேன்." பையிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள். சாத்தூர் அக்காவின் வாயில் சேவு கடிபடும் சத்தம் நின்றது. டாக்டரம்மா அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "எத்தனை நாளா?" "நாப்பத்தோரு நாள். தெனம் ரெண்டு. பவுடர் வாரம் ஒண்ணு, ஆறு குடுத்திருக்கேன், கடைசியா போன ஞாயித்துக்கெழம." "யாரு எழுதிக் குடுத்தா?" "யாரும் எழுதலை. நானாத்தான் வாங்கினேன். நான் கெமிஸ்ட்ரி." டாக்டரம்மாவின் உதடு ஒருகணம் சிரிப்பை நோக்கிப் போய்த் திரும்பியது. காகிதத்தைப் பிரித்தார். "மூணு வாரம் முன்னாடி பதினொண்ணு நாலா? இதை ஏன் காட்டலை?" "ஹெச்னா நல்லதுன்னு நெனச்சேன்." சொல்லியாயிற்று. தரை அப்படியே இருந்தது, மின்விசிறி சுற்றியது. டாக்டரம்மா சிவப்புப் பேனாவை எடுத்து எழுதினார், எழுதியபடியே சொன்னார்: "நேத்தே சொல்லியிருக்கணும். எலும்புல இருக்கற கட்டிதான் முக்கியக் காரணம், மாத்திரையே குடுக்கலைன்னாலும் இது வந்திருக்கும். மாத்திரை அதுமேல கொஞ்சம் சேத்திருக்கும்." "எவ்வளவு சேத்திருக்கும் டாக்டர்?" "அதைப் பிரிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆனா இந்தப் பவுடர் இருக்கே, இது உடம்புல வாரக்கணக்குல தங்கும். தெரியாம இருந்திருந்தா, எறங்கிருச்சுன்னு வீட்டுக்கு அனுப்பி ஒரு மாசம் கழிச்சு வாங்கன்னு சொல்லியிருப்பேன். நடுவுல மறுபடி ஏறியிருக்கும், உங்களுக்கும் தெரிஞ்சிருக்காது. இப்போ வாரம் ஒருதடவை ரத்தம் பாக்கப்போறோம்." அட்டையைத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். "இனிமே எதுவானாலும் கேட்டுட்டு."

பிரித்துச் சொல்ல முடியாது. பியூரெட்டும் அதைத்தான் சொல்லும், மொத்தம் எவ்வளவு என்று காட்டுமே தவிர, கால்சியம் எவ்வளவு மெக்னீசியம் எவ்வளவு என்று அந்த நீலம் பிரித்துக் காட்டாது. தன் பங்கு என்ன என்று தெரியாமலே இனி இருக்க வேண்டியதுதான். இருந்துகொள்ளலாம். கனமாகத்தான் இருந்தது, ஆனால் தூக்கக்கூடிய கனம். சிஸ்டர் வந்து பழைய பாட்டிலைக் கழற்றிப் புதியதை மாட்டினார், முதல் சொட்டு விழுந்தது. சாத்தூர் அக்கா பொட்டலத்தை இவள் பக்கம் நீட்டினாள், செண்பகவல்லி நாலைந்து சேவை எடுத்துக்கொண்டாள், உறைப்பில் கண் கலங்கியது, உறைப்பினால்தான் என்று வைத்துக்கொண்டாள். போர்வைமேல் விரல்கள் குச்சி அடுக்குவதை எப்போது நிறுத்தின என்று கவனிக்கவில்லை. அம்மா கண்ணைத் திறந்து இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், கதவுப் பக்கமும் ஒருமுறை பார்த்தாள்.

"அந்தம்மா என்ன சொல்லிட்டுப் போறாக?"

"நம்பர் சொல்லிட்டுப் போறாகம்மா."

"கூடவா, கொறச்சலா?"

"கொறச்சல்மா. கொறஞ்சிருக்கு. கொறஞ்சா நல்லதும்மா, இதுல வந்து..."

குருவம்மாள் கேட்டு முடிக்கவில்லை. மகளின் கலங்கிய கண்ணைப் பார்த்தாள், பார்வையை எடுத்துக் கூரைப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "கொறஞ்சா என்ன, அடுத்த பரிச்சைல பாத்துக்கிடலாம்" என்றாள். பிறகு சொன்னாள், "ஏட்டி, போயி மூஞ்சியக் கழுவு."

செண்பகவல்லி திருத்தவில்லை. எழுந்து போய் மூஞ்சியைக் கழுவினாள்.